அடுத்தவன் காரில் சாய்ந்து நின்ற படம்

ஏசி மெக்கானிக்கை அந்தத் தெருவில் 'ஃபாரின்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டில் இருந்தது சில மாதங்கள்தான். பட்டம் மட்டும் பசை போட்டாற்போல் ஒட்டிக்கொண்டது.

போனது ஏசி பழுதுபார்க்க. விமானத்தை விட்டு இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மீன் கிடங்கில் பெட்டி தூக்க விட்டார்கள். "உனக்குத்தான் குளிர் பழக்கமாச்சே" என்று மேஸ்திரி கேலி வேறு. கையில் இருந்தது சுற்றுலா விசா. அதில் வேலை பார்ப்பதே குற்றம். சம்பளம் கேட்டால், "போலீஸ்ல சொல்லவா?" என்பார்கள். ஏமாற்றியவன் நிமிர்ந்து நிற்க, ஏமாந்தவன் ஒளிந்து திரிந்தான். விசா முடிந்தவர்களுக்கு அந்த அரசாங்கம் பொதுமன்னிப்பு கொடுத்த சமயத்தில், தூதரகம் தந்த தற்காலிகப் பயணக் காகிதத்தோடு வீடு வந்து சேர்ந்தார்.

வெறுங்கையோடு எப்படி வருவது? அறையில் அடுக்குக் கட்டிலில் கூடப் படுத்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சென்ட் பாட்டிலும் சாக்லேட் டப்பாவும் வாங்கிக் கையில் திணித்தார்கள். பாவம், நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் வினையாயிற்று. சென்ட்டை மோந்து பார்த்தவர்கள் வேறெதையும் கேட்கவில்லை. "கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சு" என்று மனைவியிடமே சொல்லிவிட்டு, மறுபடி ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

இப்போது மனைவியின் தம்பி, எலெக்ட்ரீஷியன், கிளம்பி நிற்கிறான். அதே ஏஜென்ட். அதே நாடு.

"அந்த ஆளு சரியில்லடா."

"ஏன் மாமா, நீங்க மட்டும் ஃபாரின் பாக்கலாம், நாங்க பாக்கக் கூடாதா?"

"என் தம்பி நாலு காசு பாத்தா உங்களுக்குப் பொறுக்காதே" என்று சமையலறையிலிருந்து மனைவி ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தாள்.

நடந்ததைச் சொன்னால் மானம் கப்பலேறும். சொல்லாவிட்டால் மச்சினன் விமானம் ஏறிவிடுவான். "சரி, ஏஜென்ட் ஆபீசுக்கு நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார். அங்கே போய் எதையாவது சொல்லி இழுத்து வந்துவிடலாம் என்ற நினைப்பு.

செல்போன் கடைக்கு மேலே ஏஜென்ட் அலுவலகம். படி முழுக்க ஆட்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது அவருடைய முகம்தான். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, பின்னால் வெள்ளைக் கார். போய் இறங்கிய முதல் வாரம், எவன் காரிலாவது சாய்ந்து படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவது வெளிநாடு போகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம். வீட்டில் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான். ஏஜென்ட் கேட்டான் என்று அவனுக்கும் ஒன்று அனுப்பியிருந்தார். அதன் கீழே இப்போது கொட்டை எழுத்து: 'எங்களால் வாழ்வில் வென்றவர்.'

"அய்யோ, அவரேதான்!" என்றாள் வரிசையில் இருந்த ஒரு பெண். நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க படத்தப் பாத்துதாங்க நம்பி வந்தேன்."

ஏஜென்ட் உள்ளேயிருந்து பாய்ந்து வந்து தோளில் கை போட்டான். சிரித்த வாய் மூடாமலே காதில் சொன்னான்: "பழசெல்லாம் எதுக்கு சார்? பேசாம இருங்க. உங்க மச்சினனுக்கு மட்டும் நல்ல இடமா பாத்து அனுப்பறேன்."

மச்சினனுக்கு மட்டும். அப்படியென்றால் இந்தப் படியில் நிற்கிறவர்களுக்கு? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவன், கிள்ளுவதற்கு இவர் விரலையே கடன் கேட்கிறான்! மெக்கானிக்குக்கு உச்சந்தலை கொதித்தது. தோளில் கிடந்த கையை உதறினார்.

"இந்தப் படத்துல இருக்கற கார் என்னுது இல்ல! நான் மீன் பெட்டி தூக்கினேன். இந்த ஆளு எனக்குக் குடுத்தது டூரிஸ்ட் விசா. ஒரு மாசச் சம்பளம்கூட என் கண்ணுல படல."

"அய்யய்யோ, வெயில்ல வந்தாரா, என்னமோ..." என்று ஏஜென்ட் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"சரி, எனக்குக் கிறுக்குன்னே வச்சுக்கோ. இவங்களுக்கு வேலை குடுக்கற கம்பெனிக்கு இப்பவே போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. இவங்க பேர் அங்க இருக்கான்னு எல்லாரும் கேக்கட்டும். ஆள் அனுப்பற லைசென்ஸ எடுத்துச் சுவத்துல மாட்டு, என் மூஞ்ச எதுக்குய்யா மாட்டற?"

ஏஜென்ட் போனைத் தொடவில்லை. ஆபீஸ் பையனிடம் ஏசியைக் கூட்டச் சொன்னான்.

மச்சினன் பேயறைந்தாற்போல் நின்றான். "அப்போ அக்காகிட்டயும் பொய்யா மாமா?"

"ஆமாடா. அதுக்கு வீட்டுக்கு வந்து திட்டு. மொதல்ல கையில இருக்கற பாஸ்போர்ட்டப் பையில வை."

வைத்தான். அவனைப் பார்த்து இன்னொருவர், பிறகு பலபேர், "எங்க பாஸ்போர்ட்டக் குடுங்க" என்று மேஜையைச் சூழ்ந்தார்கள். கொடுக்காமல் ஏஜென்ட்டால் அந்த அறையை விட்டு வெளியேற முடியாது என்று ஆனது. ஒவ்வொன்றாக இழுப்பறையிலிருந்து வெளியே வந்தன.

முதலில் அவரை அடையாளம் கண்ட அந்தப் பெண் மட்டும் மேஜைப் பக்கம் போகவில்லை. அவர் எதிரே வந்து நின்றாள்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? என் வீட்டுக்காரர் போன வாரந்தான் போனாரு. இன்னும் அவருக்கு ஒரு வேலையும் காட்டலயாம். அதக் கேக்கத்தான் வந்தேன்."

அவர் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். "விசாவ போட்டோ எடுத்து அனுப்பினாராம்மா?"

அவள் செல்போனைக் காட்டினாள். சுற்றுலா விசாதான். ஆனால் கெடு முடிய இன்னும் நாள் இருந்தது.

"இது முடியறதுக்குள்ள தூதரகத்துக்குப் போயிட்டா ஒளிய வேண்டாம்மா, தல நிமிந்து திரும்பி வரலாம். இப்பவே கூப்புடு."

மணி வெகுநேரம் அடித்தது. கடைசியில், "ஹலோ?" என்று ஒரு குரல். அவள் பேச வாயெடுத்து அழுதுவிட்டாள். மெக்கானிக் போனை வாங்கினார்.

"தம்பி, பயப்படாதீங்க. உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, உங்க பாஸ்போர்ட் இப்ப யார் கையில இருக்கு?"