படித்தபோது வீட்டு நிலைமை

ஞாயிறு காலை, ஒத்தக்கடை டியூஷன் சென்டரில் எங்கள் வாசகர் வட்டத்துக்காக நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது முத்தையா அண்ணனின் மகள் போனில் அழைத்தார். "மாமா, அப்பா காலையில எந்திரிக்கவே இல்ல" என்றார். நாற்காலிகளை மறுபடி அடுக்கிவிட்டுக் அண்ணனின் ஊரான கொட்டாம்பட்டிக்குப் பேருந்து ஏறினோம்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் முத்தையா அண்ணன். வட்டத்துக்கு அவர் வைத்த விதி, வட்டத்து நண்பர்களான உங்களுக்கு நினைவிருக்கும். எடுத்த எடுப்பில் யாரும் புத்தகத்தைப் பற்றிப் பேசக்கூடாது. "படிச்சப்ப வீட்டு நெலம என்ன? அதச் சொல்லிட்டு அப்புறம் பேசுங்க" என்பார். ஒரு நாவலை அறுவை என்று கிழித்த நண்பர், மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைப் படித்ததாகச் சொன்னார். "அப்ப பொஸ்தகம் பாவம், என்ன செய்யும்? இன்னொருக்கா படிங்கண்ணே" என்றார் முத்தையா அண்ணன். நண்பரும் படித்தார். அப்போதும் அறுவைதான் என்றார். அண்ணனே சிரித்துவிட்டார்.

ஒரு நாவல் விஷயத்தில் விதி என்னையும் அண்ணனையும் விடவில்லை. பூர்வீக நிலத்தை விற்க மறுக்கும் ஒரு பெரியவரைப் பற்றிய நாவல் அது. எனக்கு உயிர். மதுரைக்குள் வாடகை வீடு மாறி மாறி வளர்ந்தவன் நான். சொந்த மண் என்றாலே உருகிவிடுவேன். அண்ணனுக்கு அந்த நாவல் ஆகவே ஆகாது. "மாப்ள, எங்க அய்யா அடுத்தவன் வயல்ல கூலிக்கு நின்னவரு. விக்க மாட்டேன்னு சொல்றதுக்கும் நெலம் வேணும்ல? அந்தப் பெரியவரு வயல்ல உழுதவன் பேரு என்ன, சொல்லு பாப்போம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு அவர் ஊரில் கொஞ்சம் நிலம் வாங்கிக் கடலை போட்டார். சாலையை அகலப்படுத்த அதில் பாதி போனது. அந்த வாரம் அவராகவே அந்த நாவலைக் கேட்டு வாங்கிப்போனார். அடுத்த கூட்டத்தில் எழுந்து, விதிப்படி வீட்டு நிலைமையைச் சொன்னார். "நெலத்துல கல்லு நட்டுட்டுப் போயிட்டாய்ங்க. பெரியவரு அழுகுற எடத்துல நானும் அழுதுட்டேன்." நான் மீசையை முறுக்காத குறைதான். அவர் என் பக்கம் திரும்பினார். "அம்புட்டு சந்தோசப்படாத மாப்ள. உழுதவனுக்கு இன்னமும் பேரில்ல."

துக்க வீட்டிலிருந்து திரும்பியபின் அந்த நாவலை மறுபடி எடுத்தேன். வழக்கமாக உருகும் இடங்களைச் சும்மா கடந்துபோனேன். ஏர் பிடிப்பவன் வரும் பக்கத்தில் நின்றுவிட்டேன். 'அவன்' என்கிறார்கள், 'ஏய்' என்கிறார்கள், பெயர் இல்லை. அங்கேதான் அழுதேன்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வியும் அந்த விதியும். வரும் ஞாயிறு அந்த நாவலைப் பற்றி நான் பேசுகிறேன். படித்தபோது வீட்டு நிலைமை: முத்தையா அண்ணன் இல்லை.