தேனீயைப் பத்திப் பேச வந்தவங்களுக்கு ஏலக்காய் மாலை

எழுத்தாளர்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு நிதானமாப் பேசணும். எனக்கு இருக்குற ஒரே கிறுக்கு இதுதான். போடியில ஒரு கல்யாண மண்டபத்து மாடியில மாசத்துக்கு ஒரு சாயங்காலம் நடத்துறேன். ரெண்டு நாற்காலி, ரெண்டு மைக்கு. ஒண்ணுல புத்தகம் எழுதுனவங்க, எதிர்ல நான். வானத்தைப் பத்தி எழுதுனவரு வந்திருக்காரு. கம்ப்யூட்டர் தானா யோசிக்குமான்னு எழுதுனவரு வந்திருக்காரு. நம்ம தட்டுல இருக்குற சோறும் காயும் எங்கெங்கேயிருந்து வந்துச்சுன்னு எழுதுன ஒருத்தங்களும் வந்தாங்க. வர்றவங்க எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. எங்க ஊரு ஆளுகதான் பேச விடமாட்டாங்க.

பொன்னாடை! அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். கூட்டம் ஆரம்பிச்ச உடனே மேடைக்கு வரிசை கட்டிருவாங்க. வியாபாரிகள் சங்கத்துல ஒருத்தரு, பள்ளிக்கூடத்துல இருந்து ஒருத்தரு, மண்டபத்துக்காரரு, மண்டபத்துக்காரரோட மச்சினரு. போத்திட்டுச் சும்மா இறங்குவாங்களா? "நாலு வார்த்தை பேசிக்கிறேன்"னு மைக்கைப் பிடிப்பாங்க. நாலு வார்த்தையா அது? அவுக பிறந்த கதையில ஆரம்பிச்சு வருவாங்க. பேச வந்த மனுசரு சால்வைக் குவியலுக்குள்ள வேர்த்து விறுவிறுத்துப் போயி உக்காந்திருப்பாரு.

இதெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிறதுதான். ஆனா தேனீயைப் பத்திப் புத்தகம் எழுதுன அந்தம்மா வந்த அன்னைக்கு என்னால முடியலை. அன்னைக்கு எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்துச்சு.

போடிமெட்டுக்குப் பக்கத்துல எங்க குடும்பத்துக்கு ஏலத்தோட்டம் இருக்கு. பாக்குறது எங்க அண்ணன். அதுக்குள்ள நான் தேனீப்பெட்டி வச்சிருந்தேன். ஏலப்பூ விடியக்காலையில விரியும். தேனீ வந்து உக்காந்தாத்தான் காய் பிடிக்கும். அண்ணன் பூச்சிமருந்து அடிக்கிறதும் அதே காலையிலதான். பெட்டி ஒவ்வொண்ணாக் காலியாகி, கடைசியில ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம். "காலையில அடிக்காதண்ணே, வெயில் தாழ அடி"ன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன். "புத்தகத்தைப் படிச்சிட்டு வந்து எனக்கே தோட்ட வேலை சொல்லித் தர்றியா ஆத்தா?"ம்பாரு. ஒரு நாள் சலிச்சுப்போயி, "சரி, அதை எழுதுனவங்களே வர்றாங்கல்ல? அவங்க வாயால சொல்லட்டும், நிறுத்திர்றேன்"னாரு. கூட்டம் சனிக்கிழமை. திங்கக்கிழமை மருந்தடிக்க ஆளுகளுக்கு ஏற்கனவே சொல்லியாச்சு.

அண்ணன் சொன்னபடி வந்தாரு. வெள்ளை வேட்டி, முன் வரிசை. கையில ஒரு பெரிய டப்பா. அதுக்குள்ள ஏலக்காய் மாலை. எங்க ஊருல ஒருத்தரை நெசமாவே மதிக்கிறோம்னா அதுதான் போடுவோம். தோட்டத்துலயே நல்ல பருங்காயாப் பொறுக்கி, பச்சை மாறாமக் காயவச்சுக் கட்டியிருந்தாரு.

சால்வையெல்லாம் முடிஞ்சு மைக்கு என் கைக்கு வர்றதுக்குள்ள, அந்தம்மா ரயிலுக்கு நேரமாகிட்டிருந்துச்சு. நான் சுத்தி வளைக்கலை. "பூ விரியிற நேரத்துல மருந்தடிச்சா தேனீ என்னங்க ஆகும்?"னு எடுத்த எடுப்புலயே கேட்டுட்டேன். அவங்க வாயைத் திறந்தாங்க. அதுக்குள்ள மண்டபத்துக்காரரு எந்திரிச்சு, "முதல்ல மாலையைப் போட்டிருவோம், அம்மா ரயிலுக்குப் போகணும்ல"ன்னாரு. அண்ணன் மேடையேறிட்டாரு. மாலையைப் போட்டாரு. ஒரே கைதட்டு. அந்தம்மா மாலையை மோந்து பாத்தாங்க, முகமெல்லாம் மலர்ந்துபோச்சு. "இவ்வளவு அழகான காயை நான் பாத்ததே இல்ல. இதை வெளைய வச்ச கைக்கு என் வணக்கம்"னு மைக்குல சொன்னாங்க. அடுத்து நன்றியுரை. கேள்வி கேட்ட நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு மரம் மாதிரி உக்காந்திருக்கேன்.

இறங்கிப் போறப்போ அண்ணன் என்கிட்டக் குனிஞ்சு, "கேட்டியா ஆத்தா? அவங்களே கும்பிட்டுட்டாங்க"ன்னாரு. அட மனுசா!

ஸ்டேஷனுக்கு ஆட்டோவுல போறப்போ அதையே திருப்பிக் கேட்டேன். "ஐயையோ, காலையிலயா? கூடவே கூடாதுங்க. தேனீ எல்லாம் பெட்டிக்குத் திரும்புன பிறகு, சாயங்காலந்தான் அடிக்கணும்." ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க! மாலை போட்டவருதான் மருந்தடிக்கிறவருன்னு சொன்னேன். அவங்களுக்குச் சங்கடமாப் போச்சு. அண்ணனுக்குப் போன் போட்டு அவங்க கையில குடுத்தேன்.

"மாலை நல்லா இருந்துச்சாம்மா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார். வந்து சார், அந்த மருந்து..."

"ரொம்ப சந்தோசம்மா. பத்திரமாப் போயிட்டு வாங்க." வச்சுட்டாரு. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கலை. தூக்க முடியாதுன்னு சால்வைகளை என்கிட்டயே குடுத்துட்டு அந்தம்மா ரயில் ஏறிட்டாங்க.

நான் எவ்வளவு சொல்லியும் கேக்காம, திங்கக்கிழமை காலையில மருந்தடிச்சுட்டாங்க. செவ்வாக்கிழமை தோட்டத்து ஆளுக போற ஜீப்புலயே நானும் மலைக்கு மேல போனேன். பெட்டி வாசல்ல தேனீ செத்துக் குவிஞ்சு கிடந்துச்சு. சிலதுக்குக் கால் மட்டும் ஆடிக்கிட்டிருந்துச்சு. எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. பையில கிடந்த சால்வை ஒண்ணை விரிச்சு, எல்லாத்தையும் அள்ளி மூட்டை கட்டி, நேரா அண்ணன் வீட்டுக்குப் போயி மேசை மேல பிரிச்சு வச்சேன். "இந்தாண்ணே, வாழ்த்துரை வாசி"ன்னேன்.

அண்ணன் ஒண்ணை விரலால புரட்டிப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, "சாயங்காலம் அடிக்கச் சொல்றியே, ஆளுக்கு நான் எங்க போவேன்? மூணு மணிக்கெல்லாம் ஜீப்பு எல்லாரையும் ஏத்திக்கிட்டுக் கீழ இறங்கிருது. அதுக்கப்புறம் தோட்டத்துல யாரு இருக்கா?"ன்னாரு.

இத்தனை வருசத்துல இதை ஒரு தடவையாவது சொல்லியிருப்பாரா? அந்தம்மா புத்தகத்துலயும் இந்த ஜீப்பு இல்ல. நானும் கேட்டதில்ல. இதுதானே பேச்சு! இதைப் பேசத்தானே ரெண்டு நாற்காலி போட்டேன்!

"இதை அன்னைக்கே அவங்ககிட்டக் கேட்டிருக்கலாம்ல? மூஞ்சிக்கு முன்னாடிதானண்ணே நின்னே?" கத்தியே விட்டேன்.

அண்ணன் சால்வையோட ஓரத்தை, தேனீ கீழ சிந்தாம, மடக்கி விட்டாரு. நான் என்ன கேக்குறேன்னே அவருக்குப் புரியலை.

"ஊருக்கு வந்த விருந்தாளிகிட்டப் போயி," என்னாரு, "எப்படித்தா இதையெல்லாம் கேக்குறது?"