கடலை மண்டியில் மகளின் எடை

என் மகளுக்கு ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தது. ஆவணியில் ஏழரைக் கிலோ இருந்தவள் ஐப்பசியில் ஏழு கிலோவுக்கு இறங்கினாள். அந்த அரைக் கிலோவை யார் எடுத்தார்கள் என்ற கேள்வியோடுதான் அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. ஒரு குழந்தையின் உடம்பிலிருந்து அரைக் கிலோ தானாகப் போகாது. போயிற்று என்றால் கொண்டுபோனவர் யாரோ உண்டு. அவரைக் கண்டுபிடிப்பது எனக்கு ஒரு வழக்காகவே ஆகிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. அரியலூரில் தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்றில் நான் தமிழ் கற்பித்தேன். மாலை நேரங்களில் மேடை. பெரம்பலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் பட்டிமன்றம் என்றால் என் அணிக்கு எதிரே அமர்கிறவர்கள் தண்ணீர்ச் செம்பை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். எதிர்த்தரப்பு வைக்கும் சான்றில் ஓட்டை எங்கே என்று தேடுவது எனக்கு மூச்சு விடுவதைப் போன்றது. வீட்டிலும் அதை நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மகள் பிறந்ததிலிருந்தே சிறுகூடு. நடந்தாள், சிரித்தாள், சொல்வதைப் புரிந்துகொண்டாள். ஆனால் சதை பிடிக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் அதே வயதில் ஒரு பையன். தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் வாசலில் செருப்பு மாட்டும் நேரம் பார்த்து, என் மனைவியிடம் அவள் கேட்பாள்:

"ஏங்க்கா, ஒங்க வூட்டுக் கொழுப்பெல்லாம் சாரு பேச்சுலயே போயிடுதா? புள்ளைக்கு ஒண்ணும் ஒட்டலியே!"

மனைவி சிரித்துவைப்பாள். கதவை மூடியதும் உப்பும் மிளகாயும் எடுத்து மகளுக்குச் சுற்றி அடுப்பில் போடுவாள். "நெடி வருதா பாருங்க. வரலல்ல? அப்ப கண்ணுதான்" என்பாள். கண்ணேறு மூடநம்பிக்கை என்று மேடையில் முழங்கியவன் நான். ஆனால் அடுப்பருகே நின்று நானும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். நெடி வரவில்லை என்பது உண்மை.

குழந்தையை மருத்துவரிடம் காட்டினோம். எங்கள் தெருவின் கோடியில் சிறிய மருத்துவமனை வைத்திருந்தார். மாதாமாதம் எடை பார்க்க வேண்டும் என்றார். அங்கிருந்த தராசைப் பார்த்தேன். தட்டில் ஒன்றுமே இல்லாதபோது அதன் முள் கால் கிலோவைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்று கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"அது அப்படித்தான் நிக்கும் சார். நாங்க மனசுல கழிச்சுக்குவோம்."

மனத்துக்குள் கழிக்கும் கணக்கை ஏற்பவன் நான் அல்லன் என்பதை அந்த இடத்திலேயே தெளிவாக எடுத்துரைத்தேன். உள்ளே மருத்துவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சலிப்போடு எட்டிப் பார்த்து, "சரி, நீங்க எந்தத் தராச நம்புறீங்களோ அதுலயே போட்டுப் பாத்துட்டு எனக்கு வந்து சொல்லுங்க. ஆனா மாசாமாசம் ஒரே தராசா இருக்கணும்" என்றார்.

அப்படித்தான் நாங்கள் கடலை மண்டிக்குப் போனோம்.

மண்டி என் மனைவியின் அண்ணனுடையது. அவருக்கு அதில் பாதிப் பங்கு. சுற்று வட்டாரத்து விவசாயிகள் கடலையை மூட்டை கட்டி வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். மேடைத் தராசில் எடை போட்டு, விலை பேசி, கமிஷன் பிடித்துக்கொண்டு பணம் கொடுப்பார்கள். மச்சானுக்கு அந்தத் தராசின் மேல் ஒரு பெருமை. "கவர்மென்ட்டு சீல் அடிச்சது மாப்ள. ஆஸ்பத்திரித் தராசு பொய் சொல்லும், இது சொல்லாது" என்றார். சீல் இருந்தது. குனிந்து பார்த்தேன். ஆளில்லாத மேடையில் தண்டு சமமாக நின்றது. எனக்கு நிறைவாக இருந்தது.

எடை போடுகிறவர் தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். மகளை இரும்பு மேடையில் உட்கார வைத்து அவள் கையில் நாலு கடலையைத் திணித்தார். தண்டில் குண்டை நகர்த்தினார். மூட்டைக்குக் கூவுகிற அதே குரலில், "ஏழரை!" என்று கூவினார். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அது ஆவணி. புரட்டாசியில் போக வாய்க்கவில்லை. ஐப்பசியில் தூறலுக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு போனோம். அதே மேடை, அதே குண்டு, அதே குரல். "ஏழு!"

மனைவியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மச்சான் எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதையும் மனத்தில் குறித்துவைத்தேன்.

முதல் சந்தேகம் பால்காரர் மேல். சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருவார். அவர் ஊற்றிய பாலில் ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் விட்டேன். நிற்காமல் ஓடியது.

"மழைக்காலத்துல பாலு அப்படித்தாங்க இருக்கும்" என்றார்.

"மழை வானத்திலிருந்து பெய்கிறதா, உங்கள் கேனுக்குள்ளிருந்து பெய்கிறதா?"

"சார், மைக்கு இல்லாமயே பேசுறீங்களே! நான் அடுத்த வூட்டுக்குப் போவணும், வுடுங்க."

பாலை வேறு இடத்தில் வாங்கினோம். பாலில் தண்ணீர் இருந்தது உண்மைதான். அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் மகள் பாலை மட்டும் குடித்து வளரவில்லை. பருப்புச் சோறு, முட்டை, இட்லி எல்லாம் தின்கிறாள் என்று மனைவி சொன்னாள். சொன்னாள், நான் பார்த்ததில்லை. ஒருநாள் நண்பகலில் வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சன்னலோரம் நின்றேன். மகள் ஒரு முழு இட்லியைத் தின்று முடித்து அடுத்ததற்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். மனைவி நிமிர்ந்தாள்.

"என்ன, வேவு பாக்குறீங்களா?"

"இல்லை, இப்படியே..."

"உள்ள வந்து ஒக்காந்து பாருங்க. நானே தின்னுட்டு வாயத் தொடச்சுக்கிறேன்னு நெனச்சீங்களா?" என்றாள். பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்து, "ஒங்க எலும்புதான் அவளுக்கும். அதப் போயி யாருகிட்ட வெசாரிப்பீங்க?" என்றாள்.

அவளுக்கும் என் மேல் சந்தேகம் இருந்தது. என் வீட்டாரில் யாருக்காவது நெஞ்சுச் சளி இருந்ததை நான் மறைத்துவிட்டேனோ என்று கேட்டாள். அந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை. ஏழு கிலோ என்று கேட்டதும் மருத்துவர் மகளின் கழுத்தை இருபுறமும் தடவிப் பார்த்திருந்தார். "பிரைமரி காம்ப்ளெக்ஸா இருக்கலாம்" என்றார். அந்தப் பெயரை அந்தக் காலத்தில் கேட்காத வீடு கிடையாது. குழந்தைகளுக்கு வரும் காசம் என்று எங்களுக்குள் மொழிபெயர்த்துக்கொள்வோம். உரக்கச் சொல்ல மாட்டோம். "தின்னுற புள்ளைக்கு எடை எறங்குறது நல்லதில்ல. அடுத்த மாசமும் ஏறலேன்னா பெரம்பலூர்ல படம் எடுத்துட்டு ஊசி ஆரம்பிச்சுடலாம். மாசக்கணக்குல போடணும்" என்றார்.

மகளின் இடுப்பில் ஊசி ஏறுவதற்குச் சதை எங்கே இருக்கிறது என்று மனைவி அன்று மாலை முழுவதும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் மூவரும் மண்டிக்குப் போனோம். எடை ஏறியிருந்தால் ஊசி இல்லை, ஏறாவிட்டால் உண்டு. மண்டியில் வரதராஜன்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மூட்டைகளோடு முறைக்குக் காத்திருந்தார். மச்சான் அவரை நிறுத்திவிட்டு, "மொதல்ல நம்ம புள்ளய ஏத்துங்க" என்றார். மகளை மேடையில் உட்கார வைத்த நேரத்தில் பின்னால் ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது. அவ்வளவுதான். வீறிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இறக்கிவிட முடியவில்லை.

"தூக்கிக்கிட்டே ஏறுங்க மாப்ள. பொறவு நீங்க தனியா ஏறுங்க. கழிச்சுப் பாத்தாப் போச்சு" என்றார் மச்சான்.

ஏறினேன். "அறுவத்தஞ்சு!" என்றார் எடை போடுகிறவர். மகளை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தனியே ஏறினேன். "அம்பத்தாறு!"

ஒன்பது.

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் மகிழ்ச்சி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. "ரெண்டாவது தடவ மூச்ச அடக்கிக்கிட்டா நின்னீங்க?" என்றாள்.

"மூச்சுக்கு ஏது எடை?"

"அப்ப ஒரு மாசத்துல ரெண்டு கிலோ ஏறிடுச்சா? யாராச்சும் நம்புவாங்களா?"

நானும் நம்பவில்லை. மகளின் அழுகை ஓய்ந்திருந்தது. கையில் கடலையைக் கொடுத்து அவளைத் தனியே மேடையில் உட்கார வைத்தோம். குண்டு நகர்ந்தது. தண்டு நின்றது. "ஏழு!"

ஒரே குழந்தை. ஒரே தராசு. இடையில் சென்றது ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம். என் கையில் இருந்தால் ஒன்பது, தனியே இருந்தால் ஏழு. இதைவிடப் பெரிய ஓட்டையை நான் எந்த எதிர்த்தரப்பிலும் கண்டதில்லை. நான் குனிந்து தண்டில் இருந்த எண்ணை என் கண்ணாலேயே படித்தேன். குண்டு நின்றிருந்தது ஒன்பதில்.

"இங்கே ஒன்பது இருக்கிறது. நீங்கள் ஏன் ஏழு என்றீர்கள்?"

எடை போடுகிறவர் என்னை வியப்போடு பார்த்தார். "கழிவு போவ ஏழு சார்."

"என்ன கழிவு?"

"சாக்குக்கு ஒரு கிலோ. மழ மாசம்னா ஈரத்துக்கு ஒரு கிலோ. மண்டி வழக்கம். எடய அப்படித்தான் சொல்லுவோம்."

"என் மகளுக்கு ஏது சாக்கு?"

"சட்ட போட்டிருக்குதுல்ல?"

மூட்டை தூக்குகிறவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வருடக்கணக்காக அந்த மேடையில் ஏறிய எதையும் அவர் கழிவு இல்லாமல் கூவியதில்லை. நாக்கு அப்படிப் பழகியிருந்தது. ஆவணியில் வெயில், அதனால் சாக்குக்கு மட்டும் கழித்தார். ஐப்பசியில் மழை பிடித்ததும் ஈரத்துக்கும் சேர்த்துக் கழித்தார். என் மகள் அந்த இடைவெளியில் வளர்ந்துதான் இருந்தாள். அவள் வளர்ந்ததையும் சேர்த்து மழை கழித்துவிட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு நான் ஏறியபோதும் தனியே ஏறியபோதும் இரண்டு முறையும் கழிவு போயிற்று. அதனால் மிச்சம் மட்டும் உண்மையாக நின்றது.

மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "தள்ளுங்க. நான் ஏறுறேன்" என்றாள். ஆண்கள் சூழ நின்ற அந்த மண்டியில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இரும்பு மேடையில் ஏறி நின்றாள்.

"கழிக்கவா, வேணாமாம்மா?" என்றார் எடை போடுகிறவர்.

"கழிச்சா ரெண்டு தடவையும் கழிங்க. கழிக்காட்டி ரெண்டு தடவையும் கழிக்காதீங்க. எனக்கு எம் புள்ள மட்டும் தெரியணும்."

பிறகு மகளை என்னிடம் தந்துவிட்டுத் தனியேயும் நின்றாள். வித்தியாசம் ஒன்பதுதான் வந்தது. மனைவி கீழே இறங்கி மகளை வாங்கி அவள் உச்சியில் முகத்தை வைத்து அப்படியே நின்றாள்.

அப்போதுதான் காத்திருந்த விவசாயி முன்னால் வந்தார். தன் மூட்டையிலிருந்து ஒரு கடலையை எடுத்து மச்சானின் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே பருப்பு கலகலவென்று ஓசையிட்டது.

"கேளுங்க. வூட்டுக்குள்ள பரப்பிக் காய வெச்சது. புள்ளைக்கு ஈரக் கழிவ வுட்டுட்டீங்கல்ல, எனக்கும் வுடுவீங்களா?"

"அது வேற, இது வேற. மாப்ள, புள்ளைய நிறுத்தாச்சுல்ல, கெளம்புங்க" என்றார் மச்சான். அவர் குரலில் உறவு இல்லை. என்னிடம் அப்போது சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஒரு மேடைக்கு வேண்டிய அளவு இருந்தது. ஆனால் மனைவி தன் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு மேல் நான் சேர்ப்பதற்கு எதுவுமில்லை என்று நடந்தேன்.

மறுநாள் மருத்துவரிடம் ஒன்பது என்று சொன்னேன். "எந்தத் தராசு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மகளைத் தூக்கித் தன் தராசிலேயே வைத்தார். முள் ஒன்பதேகாலில் நின்றது. கம்பவுண்டர் மனசுக்குள் கழிக்கும்வரை காத்திருந்தோம். "ஒம்போது" என்றார். முந்தைய எடைகளையும் கழிவைச் சேர்த்துச் சரிசெய்து சொன்னதும் மருத்துவர் கழுத்தை இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டு, "சின்ன உடம்பு. ஆனா ஆவணிக்கு இப்ப ஏறித்தான் இருக்கு. ஊசி வேணாம். மாசாமாசம் இங்கயே வாங்க" என்றார். அதன் பிறகு அங்கேயேதான் போனோம். ஒவ்வொரு முறையும் குழந்தை ஏறுவதற்கு முன் முள் எங்கே நிற்கிறது என்று நான் குனிந்து பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் மச்சான் வந்தார். மண்டியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு துணிப்பை நிறையக் கடலையைத் தங்கையிடம் நீட்டி, "புள்ளைக்கு அவிச்சுக் குடு. சத்து" என்றார்.

மனைவி பையை வாங்கிக்கொண்டாள். அண்ணன் எதிரிலேயே ஒரு கடலையை எடுத்துக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினாள்.

"காஞ்சதுதான்" என்றாள்.

அவர் காப்பி குடிக்காமல் எழுந்து போனார்.