பெரியாயி ஜோர்தான் பார்க்கப் போன கதை

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் றில்வான் வெளிநாட்டுப் பயண அலுவலகம் வைத்திருக்கிறான். ஒரு திங்கட்கிழமை காலையில் பெரியாயி அங்கே படியேறிப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பி, ஜோர்தானுக்குப் போகணும்" என்றாள்.

"மெடிக்கல் எடுத்தாச்சாக்கா?"

"எனக்கு என்ன வருத்தம், மெடிக்கல் எடுக்க?"

"இல்லக்கா, அம்பது வயசு தாண்டினா வீட்டு வேலைக்கு எடுக்கிறது கஷ்டம். அதான் கேட்டேன்."

"நான் வேலைக்குப் போகல. ஊர் சுத்திப் பாக்கப் போறேன்."

"யாரு வீட்டுக்கு?"

"யாரு வீட்டுக்கும் இல்லப்பா. அம்மான், ஜெராஷ், சாக்கடல், கரக், பெட்ரா, அக்கபா. அவ்வளவும் பாக்கணும். மூணு பேர். நீ டிக்கெட்டுக்குப் பாரு."

றில்வான் கையிலிருந்த பேனையைக் கீழே வைத்தான். ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பெண்களை அவன் அந்த நாட்டுக்கு விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறான். பார்க்கப் போகிறேன் என்று சொல்லி வந்தவர்கள் ஒருவரும் இல்லை.

"எனக்கு அந்த நாட்டுல ஏர்போர்ட்டத் தவிர ஒண்ணும் தெரியாதுக்கா" என்றான்.

"எனக்கும் ஒரு பால்கனியத் தவிர ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தானே போறேன்."

அவள் சொன்னது உண்மைதான். எல்ல ஊருக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, கொழுந்து லொறி ஓட்டிய வீரய்யாவைக் கட்டிக்கொண்ட பெரியாயி, மகள் சுபாஜினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் ஜோர்தானுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அம்மான் நகரில் நாலாம் மாடியில் ஒரு வீடு. பத்து வருஷத்துக்குக் கிட்ட அங்கே இருந்தாள். துணி காயப்போடும் பால்கனியில் நின்றால் எதிரே ஒரு குன்றும், அதன் உச்சியில் உடைந்து நிற்கும் பெரிய கல் தூண்களும் தெரியும். அவை எந்தக் காலத்துத் தூண்கள், யார் நட்டவை என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தார்கள், காய்ச்சல், வருத்தம் என்றால் படுக்கவிட்டார்கள். ஆனால் விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் ஏறும்போது அவளையும் கூட்டிப் போகலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. அவள்தான் விடியற்காலையில் எழுந்து திராட்சை இலையில் சோறு சுருட்டி, அவித்து, கட்டிக் கொடுப்பாள். அவர்கள் பெட்ரா போய்த் திரும்பி வந்தால் பிள்ளைகளின் காலுறையெல்லாம் செங்கல் நிறத்தில் இருக்கும். எத்தனை தண்ணீரில் அலசினாலும் அந்தச் சிவப்புத் தூசி லேசில் போகாது.

அங்கே அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள், பக்கத்துக் கட்டடத்தில் வேலைக்கு இருந்த ஸித்தி ஸுபைதா. ஒரு நாள் அந்தப் பக்கத்து மாடியிலிருந்து, "போ அங்கால, மூதேவி!" என்று யாரோ பூனையைத் தமிழில் ஏசுவது கேட்டது. பெரியாயி ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். "எந்த ஊரு?" என்று கத்தினாள். "பதுளை!" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து இருவரும் துணி காயப்போடும் நேரத்தை ஒன்றாக்கிக்கொண்டார்கள். ஊருக்கு வந்த பிறகும் அந்த ஒட்டு விடவில்லை. ஸுபைதா இப்போது பதுளை கடைவீதியில் மகனுடைய துணிக்கடையில் இருக்கிறாள். பெரியாயி எல்ல ஊர் ரோட்டோரத்தில் வீடு கட்டி, இரண்டு அறைகளை வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறாள்.

இந்தப் பயண யோசனையைக் கிளப்பிவிட்டதும் அப்படி வந்து தங்கிய ஒரு கணவன் மனைவிதான். காலையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே, அடுத்ததாகக் கண்டியா, சிகிரியாவா என்று வரைபடத்தை விரித்து வாதாடினார்கள். பேச்சோடு பேச்சாக, போன வருஷம் ஜோர்தானுக்குப் போனோம் என்று சொல்லி, அந்தப் பெண் போனில் படங்களைக் காட்டினாள்.

"நான் அங்கே பத்து வருஷம் இருந்தேன்" என்றாள் பெரியாயி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"அப்படியானால் பெட்ரா பார்த்திருப்பீர்களே!"

பெரியாயிக்கு முகம் சூடாகிவிட்டது. "யெஸ்" என்று சொல்லிவிட்டாள். எப்படி இருந்தது என்று அவர்கள் ஆவலாகக் கேட்டார்கள். அவள் கொஞ்சம் யோசித்து, "சிவப்புத் தூசி. காலுறைக்குள் போனால் போகவே போகாது" என்றாள். அவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். "மிகவும் சரி!" என்றார் கணவர்.

அவர்கள் ரயில் கோச்சி பிடிக்கக் கிளம்பிப் போன பிறகு பெரியாயி பாத்திரம் கழுவாமல் குசினியில் நின்றாள். வீரய்யா வந்து என்னவென்று கேட்டார்.

"ஏங்க, நான் அந்த நாட்டப் பாக்கணும்" என்றாள்.

"எந்த நாட்ட?"

"நான் இருந்த நாட்டத்தான்."

வீரய்யா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். "தனியா அனுப்புனது போதும். இந்தத் தடவ நானும் வர்றேன்" என்றார்.

செய்தி தோட்டத்துக்குள் போனதுதான் தாமதம், ஆளுக்கு ஆள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒரே லயத்தில் கூட வளர்ந்த ஜெயலெட்சுமி வந்து பெரியாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, இந்த வயசுல திரும்பவுமா? அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

வாசலில் உட்கார்ந்திருந்த வீரய்யாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "நானும்தான் கூடப் போறேன்" என்றார்.

"அப்படியா? அங்க ஆம்பளைங்களயும் எடுக்குறாங்களாண்ணே? அப்ப நம்ம பெரியவனுக்கும் ஒரு வார்த்த சொல்லி வைங்க."

சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று பெரியாயி எத்தனை தரம் சொல்லியும் ஜெயலெட்சுமி நம்பவில்லை. போகும்போது, "சாப்பாடு சரியில்லன்னா உடனே போன் பண்ணுங்கக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸுபைதா பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள். விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த மேசையைத் துடைத்துவிட்டு மூன்று பேரும் திட்டம் போட உட்காருவார்கள். முதல் ஞாயிறே சண்டை.

"மொதல்ல பெட்ரா. காலு நல்லா இருக்கும்போதே ஏறிப் பாத்துறணும்" என்றாள் பெரியாயி.

"அதெல்லாம் இல்ல புள்ள. மொதல்ல, குர்ஆன்ல வர்ற, முந்நூறு வருஷம் தூங்கின குகைவாசிகள் இருந்த குகை. அது அம்மானுக்குப் பக்கத்துலதான் இருந்திருக்கு. அத்தன வருஷம் இருந்தும் அங்க போய் ஒரு ஸலாம் சொல்லல நான். பொறகு கரக் பக்கத்துல நபியோட தோழர்கள், ஸஹாபாக்கள் அடங்கின இடம். பொறகு சாக்கடல்ல மிதக்கணும்."

"ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"நீச்சல் தெரியாதவங்களுக்குத்தானே அந்தக் கடலே!"

இரண்டு பேரும் சொன்ன ஊர்களை வைத்துப் பார்த்தால் வடக்கே ஒரு தரம், தெற்கே ஒரு தரம், திரும்ப வடக்கே என்று கார் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்த வீரய்யா சீனிப் போத்தலை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"இது அம்மான். வடக்க ஜெராஷ்." உப்புப் போத்தலை அதற்குச் சற்று மேலே தள்ளி வைத்தார். "பதுளையிலருந்து அப்புத்தளைக்குப் போற தூரம்தான். காலையில போயிட்டு அந்திக்கு வந்துறலாம். மறுநாள் ஸுபைதா தங்கச்சியோட குகை. பொறகு இப்படி மேற்கால சாக்கடலுக்கு இறங்கணும். பெரகலையிலருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்குற மாதிரி காது அடைக்கும்."

"ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"போன்ல பாத்தேன். இறங்கினா திரும்ப ஏறக் கூடாது. கடலோரமாவே போயி, கரக்குல ஏறி, அப்படியே தெற்க பெட்ரா. அங்கருந்து அக்கபா, இங்கருந்து கண்டி தூரம் இருக்கும். ஒரே மலைய ரெண்டு தரம் ஏறினா லொறியும் கெட்டுரும், ஆளும் கெட்டுரும்."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பாதையைப் பற்றி யாரும் அவரோடு வாதாடவில்லை.

சுபாஜினி மட்டும் இதில் சேரவில்லை. பதுளையில் ஒரு பாடசாலையில் சமூகக் கல்வி படிப்பிக்கிறாள். "போறதுன்னா தாய்லாந்துக்குப் போங்கம்மா. இல்லாட்டி இந்தியாவுக்குப் போங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டு, மேசைப் பக்கம் வராமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஞாயிறு பெரியாயி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏம்மா கோவமா இருக்க?"

சுபாஜினி தலை நிமிரவில்லை. "சின்ன வயசுல என் தேசப்படப் புத்தகத்துல அந்த நாட்டப் பேனையால கீறிக் கீறி ஓட்டையாக்கி வெச்சிருந்தேன். டீச்சர்கிட்ட அடியும் வாங்கினேன். நீங்க அங்கதானே இருந்தீங்க, என்கிட்ட இல்லாம."

பெரியாயி மகளின் தலையைத் தடவினாள். பிறகு, "அது படத்துல எங்க இருக்குன்னு நானும் இதுவரைக்கும் ஒழுங்கா பாத்ததில்ல. நீ எனக்குக் காட்டு" என்றாள்.

சுபாஜினி சிவப்புப் பேனையை மூடிவிட்டு எழுந்து வந்தாள். அன்று முதல் விடுதி அறைகள் தேடுவதும், கார் பேசுவதும், அம்மா பால்கனியில் நின்று பார்த்த தூண்கள் ரோமர் கட்டியவை, பெட்ராவைக் குடைந்தவர்கள் நபத்தேயர் என்று பாடம் எடுப்பதும் அவள் வேலையாயிற்று. பாடம் அதிகமானால் ஸுபைதா கொட்டாவி விடுவாள்.

எல்லாம் ஒழுங்காகிவந்த நேரத்தில் அம்மானிலிருந்து ஹனா வீடியோவில் கூப்பிட்டாள். பெரியாயி கைக்குழந்தையிலிருந்து வளர்த்த அந்த வீட்டுப் பெண். இப்போது வங்கியில் வேலை. பெருநாளுக்குப் பெருநாள் பேசுவாள். அவளிடம் பெரியாயி அரபியில் விஷயத்தைச் சொன்னாள். ஹனா குதித்தாள்.

"எதற்கு விடுதி? நம் வீட்டுக்கு வாருங்கள். உங்கள் அறை அப்படியே இருக்கிறது!"

அந்த அறையைப் பெரியாயிக்குத் தெரியும். குசினிக்குப் பின்னால், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறை. ஹனா அன்பாகத்தான் சொல்கிறாள் என்பதும் தெரியும். அங்கே போய்ப் படுத்தால் விடிந்ததும் தன் கை தானாகவே அடுப்பைப் பற்றவைக்கும் என்பதும் தெரியும்.

"உன்னைப் பார்க்க வருவேன், மகளே. ஒரு சாயந்தரம் வந்து கோப்பி குடிப்பேன், நீ போட்டுக் கொடுத்தால். ஆனால் தங்குவது விடுதியில்தான். அந்த அறை எனக்குத் தெரியும். தெரியாததைப் பார்க்கத்தான் வருகிறேன்."

போனில் ஹனாவின் முகம் கொஞ்ச நேரம் அசையவில்லை. படம்தான் நின்றுவிட்டதோ என்று பெரியாயி போனை ஆட்டிப் பார்த்தாள்.

"நாங்கள் உங்களை ஓர் இடத்துக்கும் கூட்டிப் போகவில்லையே" என்றாள் ஹனா மெல்ல. பிறகு, "ஜெராஷுக்கு என் காரில்தான் போகிறீர்கள். நான் லீவு போடுகிறேன். சாப்பாடும் நான் கொண்டுவருவேன்" என்றாள்.

அவர்கள் அம்மான் போய்ச் சேர்ந்ததும் சொன்னபடியே செய்தாள். ஜெராஷின் தூண் வரிசைக்கு நடுவே, ஒரு கல்லின் மேல் துணி விரித்து, தானே சுருட்டிய திராட்சை இலைச் சோற்றை எடுத்து வைத்தாள். பாதிச் சோறு வேகவில்லை, சில இலைகள் அவிழ்ந்து கிடந்தன. பெரியாயி ஒன்றும் சொல்லாமல் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாள். வீரய்யாதான், "நல்லா மென்னு சாப்பிடணும்" என்று தமிழில் சொன்னார். ஹனா அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு அவருக்கு இன்னும் இரண்டு வைத்தாள்.

குகையில் ஸுபைதா அழுதாள். சாக்கடலில் மிதந்தபோது, "அல்லாவே, என்னை யாராச்சும் திருப்பி விடுங்க!" என்று கத்தினாள். அபாயா அங்கியோடு மல்லாந்தவளை நிமிர்த்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கரக் கோட்டையின் மதிலில் நின்ற வீரய்யா, கோட்டையை விட்டுவிட்டு, கீழே மலைப்பாதையில் லொறிகள் வளைவெடுப்பதை வெகுநேரம் ரசித்தார்.

பெட்ராவில் பெரியாயி முன்னால் நடந்தாள். இரண்டு பக்கமும் பாறை வானம் வரை எழும்பி நிற்க, நடுவில் ஒடுங்கிய பாதை வளைந்து வளைந்து போயிற்று. கடைசி வளைவில் பாறை இடுக்கு வழியாக ஒரு மாளிகையின் கீற்று, ரோஜா நிறத்தில், வெயிலில் தெரிந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். வீரய்யா வந்து பக்கத்தில் நின்று, "இதுதானா?" என்றார். "இதுதாங்க" என்றாள்.

அன்றே மலை உச்சியில் பாறையைக் குடைந்து கட்டிய பழைய மடத்துக்கும் ஏறினாள். நூற்றுக்கணக்கான கல் படிகள். வாலிபப் பிள்ளைகள் ஆங்காங்கே உட்கார்ந்து மூச்சு வாங்க, கொழுந்து மலையில் ஏறி இறங்கிய கால்கள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. வீரய்யா பாதியில் ஒரு கழுதைக்காரனோடு சைகையில் பேசத் தொடங்கி அங்கேயே தங்கிவிட்டார். உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. பெரியாயி தனியாக ஒரு பாறையில் சாய்ந்து, யாரும் கூப்பிடாமல், ஆசை தீரப் பார்த்தாள்.

இறங்கிவந்து பார்த்தால் ஸுபைதாவைக் காணவில்லை. முழங்கால் வலி என்று கீழே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தவள், கடைக்காரப் பெண்ணோடு அரபியில் கதைத்துச் சிநேகமாகி, இப்போது கூடாரத்துக்குப் பின்னால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அடியே, என்னடி செய்ற?" என்றாள் பெரியாயி.

ஸுபைதா கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். "பாவம், தனியா இருந்தா புள்ள. எனக்கே தெரியாம கழுவத் தொடங்கிட்டேன்" என்றாள். இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பெரியாயி அந்தக் கோப்பையை வாங்கி ஓரமாக வைத்து, அவளைத் தோளோடு தள்ளிக்கொண்டு வந்து கம்பளம் விரித்த திண்டில் உட்காரவைத்தாள். கழுதைக்காரனிடம் விடைபெற்று வீரய்யாவும் வந்து சேர்ந்தார்.

"மூணு தேத்தண்ணி" என்றாள் பெரியாயி கடைக்காரப் பெண்ணிடம், அரபியில், கால் மேல் கால் போட்டுக்கொண்டு. "அவசரமில்லை. அக்கபாவுக்கு நாளைக்குத்தான் போகிறோம்."