மாமா நடத்திய அணிவகுப்பு

கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு முன்னாள் படைவீரர் இருந்தார். ஏதோவொரு பாலைவனச் சண்டைக்குப் போய் வந்தவர். தெருவைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லிப் பையன்களைச் சேர்த்து, கறுப்புச் சட்டை கொடுத்து, சனிக்கிழமைகளில் கார் தரிப்பிடத்தில் அணிவகுக்க வைத்தார். எல்லை கடந்து புதிதாக வருகிறவர்களிடமிருந்துதான் காப்பாற்ற வேண்டுமாம். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான் என்பது சட்டை கிடைத்த சந்தோஷத்தில் அண்ணைக்கு மறந்துபோயிற்று. பெண்பிள்ளை என்று எனக்குச் சட்டை தராததில் எனக்கு ஒரே எரிச்சல்.

அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். இலங்கையில் இயக்கத்தில் இருந்து சண்டை பிடித்தவர், ஒரு கால் சற்று இழுக்கும். அவர் நிற்கிற விதத்திலேயே கீழ்வீட்டுக்காரர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். பையன்களைப் பழக்க வரும்படி காணும்போதெல்லாம் கேட்பார். மாமா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஜூலை முதலாம் திகதி மொன்ட்ரியாலே வீடு மாறும் நாள். எதிர்க் கட்டடத்துக்கு ஹெய்ட்டிக் குடும்பமொன்று லொறியில் வந்து இறங்கியது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டை மறித்துக் கறுப்புச் சட்டைகள் நின்றன. நடுவில் அண்ணை. ஒருவன் கையில் தடி. அடிபிடி வந்தால் அண்ணையைப் பொலிஸ் கொண்டுபோய்விடும் என்று அம்மா யன்னலோரம் நின்று அழுதார்.

"அழாதேங்கோ அக்கா. நான் போய்ப் பழக்கிப்போட்டு வாறன்," என்றார் மாமா.

மாமா இறங்கி வந்ததைக் கண்ட கீழ்வீட்டுக்காரர் மகிழ்ந்துபோய்த் தன் விசிலையே கொடுத்தார். மாமாவின் பிரெஞ்சு போன்ஜூர் என்ற வணக்கத்தோடு நின்றுவிட்டதால், விசிலை ஊதிவிட்டு அண்ணையைப் பார்த்தார்.

"மருமோன், உவங்களுக்குச் சொல்லு. முதல்ல காயப்பட்டவனைத் தூக்கப் பழகவேணும். இப்ப காயப்பட்டவன் இல்லை, அந்தப் பிரிட்ஜைத் தூக்கட்டாம்."

அண்ணை முகம் சிவக்க மொழிபெயர்த்தான். பிரிட்ஜ் மூன்றாம் மாடிக்கு ஏறியது, பிறகு கட்டில்கள். வெயில் தாங்காமல் கறுப்புச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று படிக்கம்பியில் தொங்கின. சும்மா நிற்கக் கூச்சப்பட்டோ என்னவோ, சோபாவின் பாரமான பக்கத்தைக் கீழ்வீட்டுக்காரரே பிடித்தார். புதிதாகக் குடிவந்த ஹெய்ட்டி அம்மா எல்லோருக்கும் வாழைக்காய் பொரித்துக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை தரிப்பிடத்தில் கார்கள் மட்டும்தான் நின்றன.

எனக்குத் தாங்க முடியவில்லை. எனக்காவது அணிவகுக்கப் பழக்கும்படி மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு என்ன வயசு?"

"பதின்மூண்டு."

"அப்ப ஐஸ்கிறீம் குடிக்கிற வயசு. வா."

மூலைக்கடையில் எனக்கு ஒன்றும் தனக்கு இரண்டும் வாங்கினார். முழங்கைவரை வழிய வழியக் குடித்தார். இவ்வளவு பெரிய மனிதருக்கு இதென்ன ஆசை என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பதின்மூன்று வயதில் அவர் கையில் எதைக் கொடுத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.