கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர்

எங்களிடம் இருப்பது பழைய டீசல் கார். புதுக் கார்களில் டீசலோடு தண்ணீர் கலந்தால் முன்னால் ஒரு விளக்கு எரிந்து சொல்லுமாம். எங்களுடையதற்கு அந்தச் சொகுசெல்லாம் கிடையாது. தண்ணீர் போனால் இருமும், குலுங்கும், நடுத்தெருவில் நின்றுவிடும்.

ஆனால் அது நிற்கக்கூடாத கார். என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு இரண்டு தரம் களுதாவளையிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஓட்டுவது நான்தான். ஒரு தரம் தவறினாலும் உடம்பில் தண்ணீர் ஏறி மூச்சு முட்டும் என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து காரில் சின்னச் சத்தம் கேட்டாலும் ஓரமாக நிறுத்திப் பொனட்டைத் திறந்து பார்ப்பேன்.

முதல் தரம் அது நின்றது ஆரையம்பதிச் சந்திக்குக் கிட்ட. காரை அப்படியே விட்டுவிட்டு ஓட்டோ பிடித்து அவரை ஏற்றிக்கொண்டு போனேன். அடுத்த தரம் கல்லடிப் பாலத்தில், பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தே என் மானத்தை வாங்கினான். நான் இறங்கி அவனுக்குக் கொடுத்த பேச்சில் பாலமே திரும்பிப் பார்த்திருக்கும். ஊரில் எனக்கு வாய்க்காரி என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த காலத்திலிருந்து வந்த பெயர், ஓய்வெடுத்த பிறகும் போகவில்லை.

கல்லடியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார். பறங்கியர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய் வந்த பிறகுதான் கராஜைத் திறப்பார், யார் அவசரப்படுத்தினாலும் அப்படித்தான். அவர் டீசல் பில்டரைக் கழற்றி, அதற்குள் இருந்ததைப் பாதியாய் வெட்டிய பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றினார். மேலே டீசல் நின்றது. கீழே தண்ணீர் நின்றது. அவர் போத்தலை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"டீச்சர், இது காத்தில ஈரம் பட்டு வந்த தண்ணி இல்ல. இவ்வளவு எங்கால வருது எண்டு எனக்கே விளங்கல்ல," என்றார்.

அவருக்கே விளங்காதது எனக்கு எங்கே விளங்கப்போகிறது? தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்று வாங்கிக் கலனில் சேர்த்து வைத்திருந்த டீசல் மீது முதலில் சந்தேகப்பட்டேன். மிச்சமிருந்ததை எல்லாம் கொண்டுபோய் மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டேன். பிறகு டீசல் அடிக்கிற செட்டைச் சந்தேகப்பட்டு, வேறு செட்டில் அடிக்கத் தொடங்கினேன். வாவிக் காற்றைச் சந்தேகப்பட்டேன். மார்கழி மழையைச் சந்தேகப்பட்டேன். அடுத்த வீட்டுக்காரி வேலியால் எட்டிப் பார்த்தால் அவளையும் சந்தேகப்பட்டேன், பாவம். கடைசியாகத் தாங்கிக்குப் பூட்டுப் போட்ட மூடி வாங்கிப் போட்டு, அதன் திறப்பைக் கார்ச் சாவியோடு சேர்த்துச் சுவரில் கொழுவினேன். அதற்குப் பிறகும் தண்ணீர் வந்தது. தலைகால் புரியவில்லை.

என் கணவர் இவ்வளவுக்கும் வாயே திறக்கவில்லை. அவர் அப்படித்தான். தபால் கந்தோரில் வேலை பார்த்த காலத்திலும் அதிர்ந்து பேசாதவர். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவர் மாட்டேன் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. எல்லாவற்றுக்கும் ஓம். அதை நான் என் அதிர்ஷ்டம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தண்ணீரை வரவிடாமல் தடுக்க முடியாவிட்டால், வருகிற தண்ணீரைப் பிடித்துப் பிரிக்கலாம் என்றார் மெக்கானிக். வயல் வட்டையில் உழுகிற ட்ராக்டருக்குப் பூட்டுகிற பெரிய பில்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அடியில் கண்ணாடிக் கிண்ணம், கிண்ணத்துக்குக் கீழே சின்னக் குழாய். தண்ணீர் டீசலை விடக் கனம் என்பதால் கிண்ணத்தில் தங்கிவிடும், குழாயைத் திறந்தால் வெளியே போய்விடும். அதைத் தாங்கிக்கும் பழைய பில்டருக்கும் நடுவில் பூட்டினார். பூட்டி முடித்த பிறகு கார் உயிர் பிடிக்கவில்லை. ஒரு கிளிப் இறுகாமல் காற்று இழுத்திருக்கிறது. அதைச் சரிசெய்து, கையால் பம்ப் அடித்துக் காற்றை எடுத்த பிறகு, என் கிழட்டுக் கார் பேத்தியின் குரலில் பாடத் தொடங்கியது. என் கணவர் பக்கத்தில் நின்று பார்த்தார். தனக்கும் காருக்கும் ஒரே வருத்தம், ஒரே வைத்தியம் என்று மெக்கானிக்கிடம் மெல்லச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

அதன் பிறகு கார் நிற்கவே இல்லை. ஆனால் குழப்பம் கூடியது. முன்பு தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, இப்போது தெரிந்தது. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்கோ சந்தைக்கோ போய் வந்து பார்த்தால் கிண்ணம் சுத்தமாக இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் பாதி வழியில் நிறைந்திருக்கும். இறங்கி, குழாயைத் திறந்து, தெருவோரம் வடியவிட்டுப் போவேன். தூரம் அதிகம், அதனால் தாங்கியின் அடியில் கிடப்பது குலுங்கி வருகிறது என்று எனக்கு நானே கணக்குச் சொன்னேன். பிள்ளைகள் இப்படிக் கணக்குச் செய்திருந்தால் பிழை போட்டிருப்பேன்.

ஒரு பின்னேரம், மறுநாள் ஆஸ்பத்திரி. அடுத்த ஒழுங்கையில் ஒரு செத்த வீட்டுக்குப் போனேன். வழியில் மழை இருட்ட, குடை எடுக்கத் திரும்பி வந்தேன். மாமரத்தடியில் நின்ற காருக்குப் பக்கத்தில் என் கணவர் குனிந்து நின்றார். தாங்கி மூடி திறந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலைச் செருகி, செம்பிலிருந்து தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க டொக்டர் அளந்து விட்ட ஒரு சின்னப் போத்தல் தண்ணீரை மிடறு மிடறாய்க் குடிக்கிற மனிதர்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். என்னுடைய ஊமை ஒரு காரைக் கெடுத்துக்கொண்டிருந்தார். பாலத்தில் பஸ்காரனுக்குக் கொடுத்த வாய் எனக்கு அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. ஏன் என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

அவர் செம்பைக் கீழே வைத்தார். "அந்த மெஷினில படுத்து வந்தா மறுநாள் முழுக்க நான் மனிசனா இல்லகா. ஒரு நாள் விட்டுப் பாப்பமெண்டு இரிக்கும்."

"அத என்னட்டச் சொல்ற தானே?"

"சொன்னா நீ விடுவியா?"

விட்டிருக்கமாட்டேன். அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தண்ணீர் ஊற்ற ஊற்ற, நான் அதைப் பிடித்து வெளியே விட்டு, அவரை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். அதை நினைக்க அழுகை வந்தது. இனி வேண்டாமென்றால் வாயால் சொல்லுங்கள், கேட்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் சும்மா சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் விடிய அவர் என்னோடு வந்தார். அதற்கடுத்த முறை, நான் பையை எடுத்து வைத்து, காரை உயிர்ப்பித்து, கிண்ணத்தைப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"இண்டைக்கு நான் வரல்லகா," என்றார்.

டொக்டர் சொன்னதெல்லாம் என் நாக்கு நுனியில் நின்றது. இழுத்துக்கொண்டு போவதா, கொடுத்த வாக்கைக் காப்பதா, எது பாவம் என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை. காரை நிற்பாட்டிவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வார்டிலிருந்து தாதி போன் எடுத்து, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாள். கார் பழுது என்றேன். அவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். நாளை விடிய ஒரு இடம் இருக்கிறது, அதற்கிடையில் கார் சரிவருமா என்று அவள் கேட்டாள்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நாளைக்குக் கார் ஓடுமா எண்டு கேக்கிறா," என்றேன்.

அவர் முற்றத்தில் நின்ற காரைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

"ஓடும் எண்டு சொல்லு," என்றார்.