மஞ்சள் இறக்கையில் கறுப்புப் புள்ளி

என் ஓரகத்தி வீட்டு வாசலில் கார் வந்து நின்றாலே எனக்கு வயிறு எரியும். வாசலூர்பட்டி ஏரியில் படகு ஏற வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே நின்றுவிட்டுத்தான் போவார்கள். எல்லாம் ஒரு பட்டாம்பூச்சிக்காக. ஒரு குருவி அளவு இருக்கும். முன் இறக்கை கன்னங்கரேல் என்று, பின் இறக்கை பொன் மஞ்சளாக. அவள் வளர்த்த கிருஷ்ணகிரீடப் பூவுக்குக் காலையில் தவறாமல் வந்துவிடும். வந்தவர்கள் படம் பிடிப்பார்கள், அவள் டீ போட்டுக் கொடுப்பாள், அவளையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

நான் அண்ணனுக்கு வாக்கப்பட்டவள், அவள் தம்பிக்கு. நடுவே ஒரு முள்வேலிதான். ஒரே மண், ஒரே மழை. அதே செடியில் ஒரு கிளை ஒடித்து நானும் நட்டேன். இலை விட்டது, பூக்கவில்லை. அதைப் பார்க்காமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டேன்.

ஏழாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் உற்றுப் படித்ததெல்லாம் மிளகு இலையைத்தான். இலை மஞ்சளாகி, அதில் கறுப்புப் புள்ளி விழுந்தால் கொடி போயிற்று. ஒன்றில் வந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் வரும். மழைக்காலம் முழுக்க அந்தப் பயத்தோடுதான் படுப்பேன்.

அந்த வருஷம் மழை விட்டதும், எங்கள் தோட்டத்துக்கே அதேபோல் ஒரு பட்டாம்பூச்சி வந்தது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியோடு ஈசுரமூலிக் கொடியும் ஏறிக் கிடந்தது. அதையே சுற்றிச் சுற்றிப் பறந்து, இலையைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. ஓரகத்தி வீட்டுப் பூச்சியைவிடப் பெரிது. கிட்டே போய்ப் பார்த்தால், மஞ்சளுக்குள்ளே, கறுப்பு ஓரத்தை ஒட்டினாற்போல் இன்னொரு வரிசை கறுப்புப் புள்ளி. அவள் வீட்டுக்கு வருவதில் ஓரம் மட்டும்தான் கறுப்பு, உள்ளே சுத்தமான பொன். பட்டாம்பூச்சியில்கூட எனக்குச் சீக்குப் பிடித்ததுதானா வாய்க்க வேண்டும்? உடனே அடுத்த பயமும் வந்துவிட்டது. மிளகுக்கு ஒட்டிக்கொண்டால்?

வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, பூச்சிக்கும் இலைக்கும் ஒரே சீக்கா வரும் என்று சிரித்தார். நான் விடவில்லை. சோறு இறங்காமல் புலம்பியே அவரை அலுக்க வைத்தேன். கடைசியில், களை எடுக்கிறபோது அது சுற்றுகிற ஈசுரமூலிக் கொடியையும் அறுத்துத் தொலைக்கிறேன் என்று ஏணியும் அரிவாளுமாகப் போனார்.

அன்று பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா, கழுத்தில் கேமராவோடு நின்றிருந்தார். ஓரகத்தி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நம்ம பூச்சி பேரு பேர்ட்விங்காமுங்க" என்றாள். நம்ம பூச்சியாம். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பக்கமும் ஒன்று வருகிறது, ஆனால் மஞ்சளுக்குள் புள்ளி விழுந்து சீக்காகக் கிடக்கிறது என்றேன்.

அந்த அம்மா கேமராவில் எதையோ தேடி ஒரு படத்தைக் காட்டினார். அதேதான். அதே உள்வரிசை.

"சீக்கு இல்லீங்க. உள்ள இப்படி ஒரு வரிசை புள்ளி இருந்தா அது பொண்ணு. இங்க பூவுக்கு வர்றது ஆண். பொண்ணு ஈசுரமூலி இலையிலதான் முட்டை வைக்கும்."

நான் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு மறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்கக்கூட விடாமல், எங்கள் தோட்டத்தில் அரிவாள் விழுகிற சத்தம் கேட்டது. ஓடினேன்.

"ஏனுங்க, நிறுத்துங்க. அது பொண்ணுங்க."

"எது பொண்ணு? நீதான அறுக்கச் சொன்ன?" என்று ஏணியிலிருந்தே கேட்டார்.

கொடியில் பாதி கீழே கிடந்தது. அதைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மரத்தில் மிஞ்சிய இலைகளின் அடியில் பார்த்தேன். கேழ்வரகு மணிபோலச் சிவப்பாக முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

சாயங்காலமே ஓரகத்தி வேலியோரம் வந்து நின்றாள். "அக்கா, அந்தக் கொடியில ஒரு துண்டு குடுங்க, நானும் நட்டுக்கறேன்."

"மிளகு பறிச்சு முடியட்டும் கண்ணு, பாக்கலாம்" என்றேன். மிளகு அப்போதுதான் காய் பிடித்திருந்தது.

அதன் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. புழுக்கள் முள்ளும் முடிச்சுமாகக் கருஞ்சிவப்பில் வளர்ந்தன. எறும்பு வருமோ, காக்கை கொத்துமோ, மீதி இலை போதுமோ என்று போய்ப் போய்ப் பார்த்தேன். கடைசியில் இரண்டுதான் கூடு கட்டின.

ஒரு காலை முதல் கூடு வெடித்து, பூச்சி ஈர இறக்கையோடு தொங்கியது. நான் பார்த்ததெல்லாம் மஞ்சளின் உள்பக்கத்தைத்தான். புள்ளி இல்லை. ஓரம் மட்டும் கறுப்பு. ஆண். வெயில் ஏறியதும் எழும்பியது. மரத்தின் உச்சியை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வேலியைத் தாண்டி, நேராக அவளுடைய கிருஷ்ணகிரீடத்தில் போய் உட்கார்ந்தது. வாசலில் அன்றும் கார் நின்றிருந்தது.

"அக்கா, புதுசா ஒண்ணு வந்திருக்குதுங்க" என்றாள்.

"அது எங்கூட்டுது."

கேமராக்காரர்கள் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. மரத்தில் இன்னொரு கூடு தொங்கிக்கொண்டிருந்தது. அதுவாவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே திரும்பி நடந்தேன். பெண்ணாக இருந்தால் கொடியைத் தேடி இங்கேதான் வந்தாக வேண்டும்.